சோதனை டயர்

கம்ப்ரஸர் நின்றால்தான் அந்தப் பட்டறையில் மற்ற சத்தங்களுக்கு உயிர் வரும். டாங்கியில் காற்று நிறைந்ததும் அது உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தானாக நிற்கும். அப்போது கூரைத் தகரம் வெயிலில் முறுகுவது கேட்கும். கழுவுத் தொட்டிக் குழாய் சொட்டுவது கேட்கும். மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் டிக், டிக் என்று இன்னொன்றும் கேட்கும். புதிதாக வண்டி கொண்டுவரும் டிரைவர்கள் சுவரைச் சுற்றிப் பார்ப்பார்கள்.

"கடிகாரத்த எங்க மாட்டிருக்கீங்க?"

மெக்கானிக் கிரீஸ் கையால் தன் நெஞ்சைக் காட்டுவார். "உள்ள மாட்டிருக்கு. மணிதான் காட்டாது."

வந்தவன் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் முழிப்பான். அதைப் பார்ப்பதில் மெக்கானிக்குக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவர் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போய், நாற்பது தாண்டியதும் தன் வேலையைக் காட்டியது. நெஞ்சைத் திறந்து புது வால்வு வைத்தார்கள். அது மூடும்போது எழுகிற சத்தம்தான் அந்த டிக். வால்வு கெட்டியானதுதான், ஆனால் உடம்புக்கு அது அந்நியன்; ரத்தம் அதில் பட்டு உறைந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதற்காகத்தான் ரத்தம் சீக்கிரம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை, ஆயுசு முழுக்க. மாத்திரையின் வேலை குறைந்தால் உள்ளே கட்டி. கூடினால் எங்கேயாவது கசிவு. நடுவில் நிற்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். ஐ.என்.ஆர். என்று அதற்குப் பெயர். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நம்பர்" என்றால் அதுதான்.

அவர் மனைவி பட்டறையின் பின்பாதியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டிக்கொண்டு, மெழுகு தடவிய நூலைக் கோணி ஊசியில் கோத்து, யானைக்குச் சட்டை தைப்பவள் மாதிரி தரையெல்லாம் விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கை தைக்கும், காது பட்டறை முழுக்க மேயும். எதையும் தோண்டித் துருவிக் கேட்காமல் விடுவதென்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை. ஒரு நட்டு ஏன் இடப்பக்கம் திருகினால் கழல்கிறது, இன்னொன்று ஏன் வலப்பக்கம் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டவள். "இவ போலீஸுக்குப் போயிருக்க வேண்டியவ. என் நேரம், பட்டறைக்கு வந்துட்டா," என்பார் மெக்கானிக்.

அன்றைக்குக் காலையில் செங்கல் லாரிக்காரர் கிழிந்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் அவளைத் தங்கச்சி என்றும் அவரை மச்சான் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது சொந்தம் மாதிரியே சண்டையும் போடுவார். வந்ததும் முதல் பார்வை பட்டறை மூலைக்குப் போயிற்று. அங்கே பழைய தார்ப்பாய் போர்த்தி, ஆறு டயர்கள் அடுக்கியிருந்தன.

"அடுத்த மாசம் நம்ம வண்டிக்குச் சோதனை வருது, மச்சான். டயர வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாத."

வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு லாரியையும் அதிகாரிகளிடம் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதியானதுதான் என்று முத்திரை வாங்க வேண்டும். அதற்காகவே மெக்கானிக் வைத்திருந்த டயர்கள் அவை. சோதனைக்கு முந்தின நாள் மாட்டுவார். முத்திரை வாங்கி வந்ததும் கழற்றிவிட்டு, பழைய மொட்டை டயரையே திரும்ப மாட்டுவார். அந்த ஆறு டயரும் இதுவரை ஒரு மூட்டைகூடச் சுமந்ததில்லை. ஆனால் தெருவில் இருக்கிற அத்தனை லாரியும் அவற்றின் புண்ணியத்தில்தான் ஓடின. "என் பட்டறையிலேருந்து போன வண்டி இதுவரைக்கும் ஃபெயிலானதே இல்ல," என்று மெக்கானிக் மீசையைத் தடவிக்கொள்வார்.

"உனக்கில்லாத டயரா?" என்றார் மெக்கானிக், பள்ளத்துக்குள் நின்று ஒரு லாரியின் அடிவயிற்றைக் குடைந்தபடி.

கம்ப்ரஸர் குலுங்கி நின்றது. தகரம் முறுகியது. குழாய் சொட்டியது.

"என்ன தங்கச்சி, இன்னிக்குக் கடிகாரம் ஓடலையா? சாவி குடுக்க மறந்துட்டியா?" என்று செங்கல் லாரிக்காரர் விளையாட்டாகக் கேட்டார்.

அவள் ஊசி அந்தரத்தில் நின்றது. ஆமாம், கேட்கவில்லை! எத்தனை நாளாகக் கேட்கவில்லை? தெரியவில்லையே. தினமும் கேட்கிற சத்தம் எப்போது நின்றது என்று யார் கணக்கு வைக்கிறார்கள்?

"என்னங்க, மேல வாங்க."

"வேலையா இருக்கேன்டி."

"வாங்கன்னா வாங்க."

பள்ளத்தின் படி ஏறி வந்தவர், மேலே வந்ததும் லாரி முகப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதையும் அவள் அப்போதுதான் பார்த்தாள். எழுந்து போய், கிரீஸ் சட்டையென்றும் பார்க்காமல் அவர் நெஞ்சில் காதை வைத்தாள்.

"அடியே, ஆளு நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். பேசாம இருங்க."

சத்தம் இருந்தது. ஆனால் டிக் இல்லை. துணி சுற்றிய சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு மந்தமான தப், தப்.

"சத்தம் மாறிருக்கு."

"உன் காதுல பஞ்சு. போன தடவ நம்பர் எவ்வளவு? மூணு! சிஸ்டரே, 'உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லண்ணே'ன்னாங்க. அதனாலதான் இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்னுட்டாங்க."

"படியேறுனா ஏன் மூச்சு வாங்குது?"

"வயசாகுதுல்ல? உனக்குந்தான் ஆகுது, நான் ஏதாவது கேட்டேனா?"

செங்கல் லாரிக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் மறுபடி பள்ளத்தில் இறங்கிவிட்டார். அவள் தார்ப்பாயின் ஓரத்தை மடித்துக் கயிறு வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்குப் போனது. மனசு போலீஸ் வேலை பார்த்தது. நம்பர் நன்றாக இருக்கிறது. நம்பர் நன்றாக இருந்தால் ரத்தம் சரியாக இருக்கிறது. ரத்தம் சரியாக இருந்தால் வால்வில் எதுவும் ஒட்டாது. எதுவும் ஒட்டாவிட்டால் சத்தம் ஏன் மந்தமாகிறது? எங்கேயோ ஒரு கண்ணி இடறுகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பல் துலக்கும்போது அவருக்கு ஈறில் ரத்தம் கசியும். கையில் லேசாக இடித்தாலும் நீலம் பாயும். ஆனால் எப்போதும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சமயத்தில் மட்டும். போய் வந்த கொஞ்ச நாளில் ஈறும் சரியாகிவிடும், நீலமும் மறைந்துவிடும். இத்தனை நாள் அதை ஒரு விஷயமாகவே அவள் எடுத்துக்கொண்டதில்லை. அதென்ன, நம்பர் பார்க்கிற நாள் ஈறுக்கு எப்படித் தெரியும்?

அடுப்பு வேலைக்கு நேரமாயிற்று. கழுவுத் தொட்டிக்குப் பின்னால் அவள் போட்டிருந்த பாத்தியில் கீரை திமுதிமுவென்று வளர்ந்திருந்தது. மெக்கானிக்குக்குக் கீரை என்றால் உயிர். மதியம் ஒரு கட்டு, ராத்திரி அரைக் கட்டு என்று ஆடு மாதிரி தின்பார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின வாரம் மட்டும் கீரையைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். டெஸ்டுக்கு முன்னால் கீரை கூடாது என்று சிஸ்டர் சொன்னதாகச் சொல்லியிருந்தார். சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றில் போவதில்லையா, அது மாதிரி ஏதோ ஒரு முறை என்று அவளும் எடுத்துக்கொண்டாள்.

கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கிள்ளின கீரையை முந்தானையில் முடிந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

ரத்த மாத்திரைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு அறை உண்டு அங்கே. அதைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர்தான் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், லாரி மெக்கானிக் வீட்டுலேருந்து பேசறேன். நெஞ்சுல டிக்குடிக்குன்னு கேக்குமே, அவரு சம்சாரம்."

"சொல்லுங்கக்கா. அண்ணன் எப்படி இருக்காரு?"

"டிக்குடிக்குன்னு இல்ல சிஸ்டர். தப்புத்தப்புன்னு இருக்கு."

சிஸ்டரின் குரல் மாறியது.

"மூச்சு வாங்குதா?"

"படியேறுனா வாங்குது."

"கை கால் மரத்துப் போறது, வாய் கோணறது, பேச்சுக் குழறல் ஏதாவது?"

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வாய் நல்லாவே வேலை செய்யுது."

"மாத்திரை விட்டுப்போச்சா?"

"அதுல தப்பு சொல்ல முடியாது. தெனம் என் கண்ணு முன்னாடிதான் போடுவாரு. முந்தி ஒண்ணரை மாத்திரை போட்டுக்கிட்டிருந்தாரு. நம்பர் கூட இருக்குன்னு நீங்க ஒண்ணே கால் ஆக்குனீங்க, அப்புறம் ஒண்ணு ஆக்குனீங்க."

"ஆமா. புதுசா வேற மருந்து, நாட்டு மருந்து, கஷாயம்?"

"ஒண்ணும் கெடையாது."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா? கீரை மாதிரி?"

"அதெல்லாம் நீங்க சொன்னபடிதான் சிஸ்டர். டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுவாரு. டெஸ்டு முடிஞ்சதும் ஆரம்பிச்சுடுவாரு."

"நாங்க சொன்னபடியா? நாங்க எப்பக்கா அப்படிச் சொன்னோம்?"

"நீங்க சொல்லலையா?"

"சொல்லவே மாட்டோம்! மத்த நாளு எவ்வளவு சாப்பிடுவாரு?"

"ஒரு கட்டு. சில நாளு ஒண்ணரை."

"ஐயோ அக்கா!" என்றாள் சிஸ்டர். அப்புறம் அவசர அவசரமாகச் சொன்னாள். மாத்திரை ரத்தத்தை உறையவிடாமல் இழுக்கிறது; கீரையில் இருக்கிற ஒரு சத்து உறையும் பக்கம் இழுக்கிறது. கீரையை நிறுத்தினால் மாத்திரையின் கை ஓங்கி நம்பர் ஏறும். அந்த ஏறின நம்பரைப் பார்த்துத்தான் மாத்திரையைக் குறைத்தார்கள். வீட்டுக்குப் போய் அவர் கீரையை ஒரு கட்டு கட்டினால், குறைந்த மாத்திரை அதற்கு எந்த மூலைக்கு?

"அப்ப மத்த நாளெல்லாம் நம்பர் எவ்வளவு இருந்துச்சு?"

"அது யாருக்குத் தெரியும்? நாங்க பாத்தது அந்த ஒரு நாளத்தானே. இப்பவே கூட்டிட்டு வாங்கக்கா. வழில எங்கயும் நிக்காதீங்க."

அவள் பட்டறைக்கு வந்தபோது மெக்கானிக் ஜாக்கியின் பக்கத்தில் குந்தியிருந்தார். செங்கல் லாரிக்காரர் இன்னும் போகவில்லை. பிரேக் சத்தம் போடுகிறது என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கைய கழுவுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"டெஸ்டுக்கு இன்னும் நாளிருக்கே."

"இப்பவே வரச் சொல்லிட்டாங்க."

"இப்ப எப்படி வர்றது? நான் இன்னும் தயாராவே இல்லியே!"

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரத்தம் குடுக்க என்னங்க தயாராவறது?" என்றாள் அவள். "கீரைய நிறுத்தச் சொல்லி யாரு சொன்னது?"

"அங்க க்யூவுல ஒரு ஆளு சொன்னான். ஒரு வாரம் கீரைய விட்டுட்டுப் போ, சிஸ்டர் சிரிச்ச மொகமா அனுப்புவாங்கன்னான்."

"சிஸ்டர் சொன்னதா எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"க்யூவுல நிக்கிறவன் சொன்னான்னா நீ விடுவியா? அவன் யாரு, என்ன வேலை பாக்கறான், அவனுக்கு யாரு சொன்னாங்கன்னு ஆயிரம் கேப்ப."

"கேட்டிருப்பேன். கேட்டிருந்தா இன்னிக்கு இந்த நெலம வந்திருக்காது."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது. "மொத மாசம் எனக்கு முன்னாடி ஒருத்தன் போனான்டி. நம்பர் கன்னாபின்னான்னு இருக்கு, இப்படியே இருந்தா நீ வேலைக்கே போகக் கூடாதுன்னு உள்ள சத்தம் போட்டாங்க. வெளிய வந்தவன் மொகத்தப் பாத்தேன். பள்ளத்துல எறங்காத, பட்டறைய மூடுன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்கன்னா நான் என்ன பண்றது? என் கைலேருந்து போன வண்டியே ஒரு தடவகூட ஃபெயிலானதில்ல. நானே போய் அங்க ஃபெயிலாகி நிக்கணுமா?"

அவள் மூலையைப் பார்த்தாள். போர்த்தியிருந்த தார்ப்பாய் அவள் தைத்ததுதான்.

"அப்ப அங்க போறப்பல்லாம் நீங்க மாட்டிக்கிட்டுப் போனது அந்த டயர," என்றாள். "வீட்டுக்கு வந்ததும் கழட்டி வெச்சுட்டு, மொட்ட டயர்ல ஓடிக்கிட்டிருந்திருக்கீங்க. அதைத் தெரியாம நானும் பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன்."

அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கைச் சிந்த வைத்தன. மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அழுது அவர் பார்த்தது அறுவைச் சிகிச்சையன்று ஒரு தடவைதான்.

"மச்சான், ஏறு வண்டில," என்றார் செங்கல் லாரிக்காரர், விளையாட்டெல்லாம் போய்.

"உன் வண்டில பிரேக் சத்தம் போடுதே."

"புடிக்குதுல்ல? ஏறு."

ஆஸ்பத்திரி அறையில் சிஸ்டர் எழுந்து நின்றே காத்திருந்தாள். விரலில் குத்தி, ஒரு சொட்டைப் பட்டையில் வைத்து, கையகலக் கருவியில் செருகினாள். மெக்கானிக் வழக்கமாக அந்தக் கருவியைப் பார்க்கவே மாட்டார், சுவரைப் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்தார். இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டிய நம்பர், ஒன்று புள்ளி நாலு என்று வந்து நின்றது.

சிஸ்டர் திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஸ்கேன் அறையில் இருட்டு. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நெஞ்சில் பசை தடவிக் கருவியை நகர்த்த, திரையில் மேகம் கலைகிற மாதிரி ஏதோ அசைந்தது. மனைவிக்காரி பயத்தோடு பயமாகக் கழுத்தை நீட்டினாள்.

"இதுல வால்வு எதுங்க டாக்டரம்மா?"

"இதோ, வெள்ளையா ரெண்டு கதவு தெரியுதா? ரெண்டும் சேந்து தெறந்து சேந்து மூடணும். இந்தப் பக்கத்துக் கதவு பாருங்க, முழுசாப் போயிட்டு வருது. இது பாதிலயே நிக்குது. அடில ரத்தக் கட்டி ஒட்டிருக்கு."

"அதனாலதான் சத்தம் கேக்கலையா?"

"ஆமா. கதவு பளிச்சுன்னு மூடுனாத்தானே சத்தம்? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காதாலதான்," என்றாள். செங்கல் லாரிக்காரர் சொல்லித்தான் காதே விழித்தது என்பதைச் சொல்ல அப்போது தோன்றவில்லை.

டாக்டர் விளக்கைப் போட்டு, இரண்டு பேரையும் பார்த்துப் பேசினாள். உடனே படுக்க வேண்டும். ஊசி வழியாக வேகமாக வேலை செய்கிற மருந்து ஓடும். அது ஓடுகிறபோதே மாத்திரையையும் கூட்டுவார்கள். கட்டி கரைந்தால் பிழைத்தோம். கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இரண்டாவது தடவை திறப்பது முதல் தடவை மாதிரி இருக்காது. இடையில் கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகவும் வாய்ப்புண்டு. பூசி மெழுகாமல் சொன்னாள். மெக்கானிக் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வார்டுக்குப் போகும் வழியில் மனைவியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

வார்டில் மருந்து சொட்டிற்று. கையில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். வேலை முடிந்து போகும்போது எட்டிப் பார்த்த சிஸ்டரிடம் அவர் கேட்டார்.

"மாத்திரைக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பாத்தீங்க. இதுக்கு ஏன் சிஸ்டர் பொழுதுக்கும் வந்து குத்தறாங்க?"

"மாத்திரை மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். இந்த மருந்து அப்படி இல்லண்ணே. சடார்னு ஏறும், நிறுத்துனா சடார்னு எறங்கும். அதனால பக்கத்துலயே நின்னு பாக்கணும். சோதனையும் வேற."

"நம்பர்னா என்னத்தத்தான் அளக்கறீங்க?"

"நேரத்த. ரத்தத்த உறைய வெச்சுப் பாப்போம். சாதாரண ஆளுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. உங்களுக்கு மூணுன்னா, உறைய சுமாரா மூணு பங்கு நேரம் ஆகுதுன்னு அர்த்தம்."

"அவ்வளவுதானா? வேகமாப் போறமா மெதுவாப் போறமான்னு பாக்கறது?"

"அவ்வளவுதான். உங்க வண்டில ஆயில் மீட்டர் இருக்குல்ல, அது மாதிரி."

மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் சொன்னார். "மீட்டர் முள்ளக் கையால புடிச்சுத் தூக்கி வெச்சுட்டு ஓட்டிருக்கேன். எங்கிட்ட ஒரு டிரைவர் அப்படி வந்தான்னா செருப்பால அடிப்பேன்."

"நானும் கேட்டிருக்கணும்ணே," என்றாள் சிஸ்டர். "நம்பர் நல்லா இருந்தா, வேறெதுவும் கேக்காம அடுத்த ஆளக் கூப்பிட்டுடறோம். அக்காகிட்ட போன்ல கேட்டத நான் அங்கயே உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"அப்ப இனிமே கீரையே கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"யாரு சொன்னது? தாராளமாச் சாப்பிடட்டும். ஆனா ஆடு மாதிரி இல்ல. தெனமும் அளவா, ஒரே அளவா. நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க, அதுக்கேத்த மாத்திரைய நாங்க பாத்துக் குடுக்கறோம். எங்களுக்காக நீங்க வேற ஆளா மாறி வந்தா, அந்த வேற ஆளுக்குத்தான் நாங்க வைத்தியம் பாத்துக்கிட்டிருப்போம்."

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. அவள் தினமும் காலையில் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். தப், தப். பக்கத்துக் கட்டில்காரர்கள் முதல் நாள் திகைத்தார்கள், அப்புறம், "என்னம்மா, இன்னிக்கு ரேடியோவுல என்ன பாட்டு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர் பார்க்காதபோது அவள் அவர்களிடம் உதட்டைப் பிதுக்குவாள். மெக்கானிக் வாய் ஓயாத மனுஷர், அவர்கூட அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார். அவள் முகம் ஒன்றும் சொல்லாது. மறைக்கத் தெரிந்தவள் இல்லை, மறைக்கப் படாத பாடு பட்டாள். டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு, கதவு கொஞ்சம் அசைகிறது, ஆனால் போதாது, அறுவைச் சிகிச்சைக்காரர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

தரை துடைக்கிற அம்மாள், தூசி பறக்கக் கூடாதென்று வார்டின் மின்விசிறிகளையெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள். ஒரு முற்பகல் அவள் அப்படி நிறுத்தினாள். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மனைவிக்காரி ஜன்னலோரம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துண்டோடு அப்படியே நின்றாள்.

டிக்.

தண்ணீர்க் குழாயோ என்று பார்த்தாள். குழாய் மூடியிருந்தது.

டிக். டிக்.

"யாரும் பேசாதீங்க!" என்று வார்டுக்கே அதட்டல் போட்டுவிட்டு ஓடினாள். காதை வைக்கவே தேவையில்லை. கட்டிலுக்கு ஒரு கை தூரத்திலேயே கேட்டது. மெக்கானிக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் தளும்பி, காதுப் பக்கமாக வழிந்தது. தரை துடைக்கிற அம்மாள் ஒன்றும் புரியாமல், "விசிறியப் போடட்டுமா வேணாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "நாங்களும் கேட்டுக்கறோம்."

வீட்டுக்கு வந்த பிறகு கீரைப் பாத்தியில் பாதியைக் கொத்திவிட்டு மிளகாய் நட்டாள். மீதிப் பாத்தியில் தினமும் ஒரு கைப்பிடி. அதற்கு மேல் இல்லை, அதற்குக் கீழும் இல்லை. மாத்திரை மறுபடி கூடியது. முதலில் அடிக்கடி, அப்புறம் கொஞ்சம் விட்டு விட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். முதல் சில தடவை அவள் கூடவே போனாள். அப்புறம் ஒரு தடவை, அவரே தனியாகப் போய் வருவதாகச் சொன்னார்.

அந்த நாளைக்கு முந்தின மதியம் அவள் வழக்கம் போல அவர் தட்டில் கைப்பிடி அளவு கீரையை வைத்தாள். வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கீரையைப் பார்த்தார். அதை ஓரமாகத் தள்ளினார். மற்றதையெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த கீரையைக் கடைசியில் எடுத்து, ரசித்து, விரலைக்கூட விடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

"என்ன பாக்கற? நல்லது கடைசில," என்றார்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது செங்கல் லாரி பட்டறை வாசலில் நின்றது. செங்கல் லாரிக்காரர் மூலையில் இருந்த தார்ப்பாயைத் தானே உருவிவிட்டு, டயர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றாள் அவள், ஊசியும் கையுமாக.

"ரெண்டு புள்ளி ரெண்டு."

"கொறச்சலாச்சே!"

"கொறச்சல்தான். ஃபெயிலு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "நீ அளந்துதான் வெச்ச, நான் அளந்துதான் தின்னேன், அப்படியும் எறங்கிருக்கு. ஏன்னு சிஸ்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. போன வாரம் முட்டைக்கோஸ் நெறையா தின்னேனே, அதுலயும் அந்தச் சத்து உண்டாம், அதுவா, வேற ஏதாவதான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுனோம். மாத்திரைய கால் கூட்டிருக்காங்க. அடுத்த வாரம் வந்து காட்டணும்."

"பட்டறைய மூடச் சொன்னாங்களா?"

"பள்ளத்துல எறங்குனா தலைய இடிச்சுக்காதன்னாங்க. அத நீயே தெனம் சொல்ற."

"அதெல்லாம் சரி மச்சான்," என்று செங்கல் லாரிக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "நாளைக்குக் காலைல சோதனை. ஜாக்கியப் போடு, மாட்டிடலாம்."

மெக்கானிக் ஜாக்கியைப் போட்டார். லாரியைத் தூக்கினார். மொட்டை டயர்களைக் கழற்றினார். அந்த ஆறு டயரையும் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்கினார். பிரேக்கையும் பிரித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்தார். கழற்றிய மொட்டை டயர்களை உருட்டிக்கொண்டு போய், வெளியே கழிவு இரும்புக் குவியல் மேல் போட்டார்.

"அது எதுக்கு அங்க போடற? நாளன்னிக்குத் திரும்ப மாட்டணுமே."

"மாட்ட மாட்டேன்."

"என்ன மாட்ட மாட்டியா? அப்ப உன் டயரு?"

"உன் வண்டிலயே கெடக்கட்டும். செங்கல் ஏத்து, ஓட்டு, தேயட்டும். ஆஸ்பத்திரிக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போன வண்டி அது."

"அடுத்தடுத்து சோதனைக்கு வர்றவனுங்களுக்கு என்ன சொல்லுவ?"

"எப்படி ஓட்டறீங்களோ அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கன்னு சொல்லுவேன்."

"உன் பேரு கெட்டுடும் மச்சான். உன் பட்டறை வண்டி ஃபெயிலாச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இன்னிக்கே ஃபெயிலாகிட்டுத்தான வந்தேன்?"

செங்கல் லாரிக்காரர் அவளைப் பார்த்தார், நியாயம் கேட்கிற மாதிரி. அவள் மூலையில் சும்மா கிடந்த தார்ப்பாயை இழுத்து மடியில் போட்டு, நல்ல பாகம் எவ்வளவு தேறும் என்று பார்த்தாள். மிளகாய்ப் பாத்திக்கு நிழல் கட்ட ஆகும் என்று தோன்றியது.

கம்ப்ரஸர் குலுங்கி நின்றது. தகரம் முறுகியது. குழாய் சொட்டியது.

"சரிதான்," என்றார் செங்கல் லாரிக்காரர், சலித்துக்கொள்கிற குரலில். "வண்டி வரைக்கும் கேக்குது, உங்க வீட்டுக் கடிகாரம்."